அந்தோனியார் படம் ஒட்டின பெட்டி

ரொக்ஸ்பரோ
14 ஒக்ரோபர் 2024

றெபேக்காவுக்கு,

அன்புள்ள என்று தொடங்கி வெட்டியிருக்கிறேன், மேலே பார்த்தால் தெரியும். பேனை பழக்க தோசத்தில் எழுதிவிட்டது.

சனிக்கிழமையிலிருந்து பதினொரு தடவை போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. முந்தி என் சத்தம் கேட்டதுமே "மச்சாள், இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்கிறவள் நீ. போன் எடுக்காதவளுக்குக் கடிதம்தான் வழி. கிழிக்க நினைப்பாய், ஆனால் வாசிக்காமல் கிழிக்க மாட்டாய்.

அன்று சென்ட் லோரன்ட் கோயில் மண்டபத்தில் உன் நிகழ்ச்சிக்கு நான், மகள் மெர்லின், உன் அப்பா மூன்று பேரும் முன் வரிசையில் இருந்தோம். "அமெரிக்க நாட்டுப் பாடல்கள், எங்கள் ராகத்தில்" என்று பெரிதாகப் போட்டிருந்தாய். உன் அண்ணனும் நீயும் சேர்ந்து தொடங்கிய வேலை. அவர் இல்லாமலும் விடாமல் செய்கிறாளே என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தண்டவாளம் போடுகிறவர்களின் சம்மட்டிப் பாட்டை, கரைவலை இழுக்கிற அம்பாப் பாட்டாக மாற்றிப் பாடினாய். மாமா காலால் தாளம் போட்டார். அந்தத் தாளம் என் புருசன் எங்கள் குசினியில் அகப்பையால் தட்டித் தட்டிக் கண்டுபிடித்தது. நீ அதைச் சபையில் சொல்லவில்லை, நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு அந்த ஆற்றுப் பாட்டு வந்தது. ஆற்றைக் கடக்கப் போனவன் மூழ்கிப்போகிற பாட்டு. அதைப் பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரி ராகத்தில் எடுத்தாய். அந்த ராகத்தில் எங்கள் சனம் செத்தவரின் பெயரைத்தான் சொல்லும், உயிரோடு இருக்கிறவரின் பெயரை வாய் தவறியும் சொல்லாது. சின்ன வயதிலிருந்து கோயிலில் பாடுகிற உனக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? வெள்ளைக்காரன் ஒருத்தனின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நீ உன் அண்ணன் பெயரை, றெனோல்ட் என்று பாடினாய்.

மாமா எழுந்து நின்றார். கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை தலை குனிந்து நின்றார். பின்னால் இருந்த சனமும் எழுந்தது. நான் மட்டும் எழும்பாமல் இருந்தேன். மெர்லின் என் கையைப் பிடித்து, "பப்பா செத்துப்போனாரா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். வீட்டில் என்னோடு தமிழ் கதைக்கிற பிள்ளை, அதை மட்டும் பிரெஞ்சில் கேட்டாள்.

அடுத்த நாள் காலை, பாட்டைக் கேட்டிருந்த சிவாஜினி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வாசலில் அழுதுகொண்டு நிற்கிறாள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று சாப்பாடு கொண்டுவருவோமே, அப்படி. என் அடுப்பில் அந்த நேரம் மீன் கறி கொதிக்கிறது! அவளிடம் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துக் கதவைச் சாத்தினேன். பாவம், அவளில் பிழையில்லை.

உன் அண்ணன் 2022 மார்ச் 25, தபசுகாலத்து வெள்ளி, கிற்றார்ப் பெட்டியோடு உன்னிடம் பாட்டுப் பழகப் போகிறேன் என்று வெளிக்கிட்டார். உன்னிடம் வரவில்லை என்று நீதான் சொன்னாய். தபசுகால வெள்ளிகளில் போனைத் தொடமாட்டேன் என்ற நேர்த்தியால் போனும் வீட்டில். பெட்டியையும் கொண்டுதான் போயிருக்கிறார். கிற்றாரோடு போகிற மனிசன் சாகவா போகிறார்? எங்கேயோ இருக்கிறார். எங்கள் ஊர்க்காரர் பேரின்பநாதன் அவரை ரொறொன்ரோவில் கண்டேன் என்கிறார். சட்டத்தரணியிடம் கேட்டேன், இந்த மாகாணத்துச் சட்டமே, காணாமல் போனவர் ஏழு வருசம் உயிரோடு இருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்ளுமாம். அரசாங்கம் ஏழு வருசம் பொறுக்கிறது. கூடப்பிறந்த நீ இரண்டரை வருசத்தில் கொன்றுவிட்டாய்.

அந்தப் பாட்டுக்கு அவர் ஒரு கடைசி அடி கட்டியிருந்தார், ஞாபகம் இருக்கா? கோப்பை கழுவும்போதெல்லாம் எனக்குப் பாடிக் காட்டுவார்.

ஏழு பனி கரைஞ்ச பின்னே
ஏறி வருவன் கரைமேலே;
ஈரக் காலைத் துடைச்சுக்கொண்டு
இருப்பன் உன்ரை படிமேலே.

அதை ஏன் வெட்டினாய்? பெயரை ஏன் போட்டாய்? இரண்டுக்கும் பதில் எழுது.

சிசிலி


சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
17 ஒக்ரோபர் 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. போன் எடுக்காதது பிழைதான். போனில் உங்களோடு கதைத்தால் நான் அழுதுவிடுவேன், நீங்கள் என்னைத் தேற்ற வேண்டி வரும். அது நியாயமில்லை.

பெயர் பற்றிக் கேட்டீர்கள். இந்தப் பாடல்களுக்கு ஒரு சொந்தக்காரர் இல்லை, மச்சாள். மலையில் ஒரு மாதிரிப் பாடுவார்கள், ஆற்றங்கரையில் வேறு மாதிரிப் பாடுவார்கள். ஒவ்வொரு ஊரிலும் தங்கள் ஊர் ஆளின் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். அப்படிப் பெயர் மாறுவதால்தான் பாட்டு இத்தனை காலம் சாகாமல் இருக்கிறது. நானும் அண்ணாவும் இதைப் பற்றி எத்தனையோ நாள் கதைத்திருக்கிறோம். அதனால் அவர் பெயரைப் போடுவது அவருக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தேன். எங்கள் ராகத்தில் அது வேறு அர்த்தமாகும் என்பதை அப்பா எழுந்து நின்ற பிறகுதான் மேடையில் உணர்ந்தேன்.

உண்மையில் எழுதிவைத்த தாளில் வேறு பெயர் இருந்தது. வாயில் அவர் பெயர் வந்துவிட்டது.

கடைசி அடி அண்ணா சேர்த்தது. மூலப் பாட்டில் அது இல்லை. மூலப் பாட்டில் ஆறு ஒருவரையும் திருப்பித் தருவதில்லை. எனக்கு அதை மாற்றப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பாட்டை இனிப் பாடமாட்டேன். ஒலிப்பதிவுக்கு எடுத்த நாளையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பல்கலைக்கழக வளாகத்தில் பசுமைக்கூட வேலையையும் விட்டுவிட்டு எங்காவது போகலாமா என்று யோசிக்கிறேன். இந்த வீட்டு யன்னலால் பார்த்தால் ஆறுதான் தெரியும், அந்தத் திரையை நான் திறப்பதே இல்லை.

மெர்லினிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அப்பாவை நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

றெபேக்கா


ரொக்ஸ்பரோ
20 ஒக்ரோபர் 2024

றெபேக்கா,

பாட்டைப் பற்றி நல்ல பாடம் எடுத்திருக்கிறாய். நான் கார்டெறிக் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்குகிறவள், எனக்கு இவ்வளவு தேவையில்லை.

இன்று பூசைக்குப் பிறகு மாமா என்ன செய்தார் தெரியுமா? அடுத்த மாதம் இரண்டாம் தேதி மரித்தோர் நாள். செத்தவர்களின் பெயரை எழுதிக் கோயில் வாசல் பெட்டியில் போடுவோம், பூசையில் சுவாமி ஒவ்வொன்றாக வாசிப்பார். மாமா முதலில் மாமியின் பெயரை எழுதினார். கீழே மகனின் பெயரையும் எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்! துண்டைப் பறித்தேன். கோயிலுக்குள் மாமனாரிடம் பறித்தேன், றெபேக்கா, அவ்வளவு சனத்துக்கு முன்னால். அவர், "பிள்ளை, தங்கச்சிக்காரி பாடினால் தெரிஞ்சுதான் பாடியிருப்பாள். எனக்கு எண்பத்தொண்டு. என்ரை மகனுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்காமல் நான் போகேலாது" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லையே யோசித்தேன். தெரிந்துதான் பாடியிருப்பாள்.

மெர்லின் உன் நிகழ்ச்சியைப் போனில் பிடித்து வைத்திருந்தாள். அன்று மண்டபத்தில் உன் வாயில் அந்தப் பெயர் வந்ததும் எனக்குக் காது அடைத்துவிட்டது, கடைசி அடி இல்லை என்பதைத் தவிர மீதி ஒன்றும் ஏறவில்லை. இன்று ஆறு தடவை போட்டுக் கேட்டேன். ஆங்கிலச் சொற்களையும் மெர்லின் தேடி எடுத்து வாசித்தாள். ஆங்கிலப் பாட்டில், மூழ்கினவனின் தொப்பிதான் தண்ணீரில் மிதக்கிறது. நீ இப்படிப் பாடியிருக்கிறாய்:

அந்தோனியார் காவல் நிக்கும்
அந்தப் பெட்டி பனிமேலே;
ஆரு வந்து கூப்பிட்டாலும்
றெனோல்ட் ராசா பனிக்கீழே.

அந்தோனியார் எங்கிருந்து வந்தார்?

சிசிலி


சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
22 ஒக்ரோபர் 2024

அன்புள்ள மச்சாள்,

அண்ணாவின் கிற்றார்ப் பெட்டியில் அந்தோனியார் படம் இருந்தது. அதை நீங்கள்தான் எனக்கு எப்போதோ சொல்லியிருப்பீர்கள். அல்லது காணாமல் போவதற்கு முந்தின கிழமை அவர் வந்தபோது நானே கண்டிருப்பேன். தொப்பி எங்கள் ஆட்களுக்குப் பொருந்தாது என்று பெட்டியைப் போட்டேன். பாட்டு அப்படித்தான் மாறும்.

இதில் வேறு ஒன்றும் தேட வேண்டாம். தயவுசெய்து தேட வேண்டாம்.

றெபேக்கா


ரொக்ஸ்பரோ
24 ஒக்ரோபர் 2024

றெபேக்கா,

அந்தப் படத்தை நான் ஒட்டினது அவர் வெளிக்கிட்ட அன்று பகல். கோயில் கலண்டரில் இருந்து வெட்டி, பூட்டுக்குப் பக்கத்தில், தெளிவான ரேப் போட்டு ஒட்டினேன். கையுறை, பஸ் அட்டை, வீட்டுத் திறப்பு என்று எதையாவது துலைத்துக்கொண்டு வருகிற மனிசன், கிற்றாரையும் பஸ்ஸில் விட்டுவிட்டு வரப்போகிறாரே என்று. துலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார்தானே. அரை மணித்தியாலத்தில் வெளிக்கிட்டுப் போனார். அதற்கு முந்தின கிழமை அந்தப் பெட்டியில் ஒரு படமும் இல்லை.

நான் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. மெர்லினுக்குத் தெரியாது, மாமாவுக்குத் தெரியாது. பொலிஸ் பெட்டியில் என்ன அடையாளம் என்று கேட்டபோதும் கறுப்புப் பெட்டி என்று மட்டும் சொன்னேன். வேணுமென்றுதான் மறைத்தேன். நாளைக்கு ஆரும் வந்து "அவரைக் கண்டேன்" என்றால், உண்மையோ என்று பார்க்க எனக்கு ஒன்று வேண்டுமே. உன் பாட்டுக்களிலும் அப்படித்தானே, கனகாலம் கழித்து வருகிறவனிடம் பெண் அடையாளம் கேட்பாள். நானும் கேட்டேன். பேரின்பநாதனிடம் கேட்டேன், பெட்டியில் என்ன இருந்தது என்று. "ஒண்டும் இல்லை தங்கச்சி, வெறும் கறுப்புப் பெட்டி" என்றார். அவர் கண்டது வேறு ஆள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் ஊரெல்லாம் ரொறொன்ரோவில் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டரை வருசமாக அந்த அடையாளத்தைச் சொல்லப்போகிற ஆளுக்காகக் காத்திருந்தேன். சொன்னது நீ.

எனக்கு இரவில் நித்திரை இல்லை, பகலில் கை வேலை செய்யவில்லை. நேற்றுப் பிள்ளைகளின் சூப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். உன்னைத் திட்ட என்னிடம் பலம் இல்லை. உன் காலைப் பிடிக்கிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். உன் காலைப் பிடிக்கிறேன். ஒரு சொல் எழுது. அன்று அவர் வந்தாரா, இல்லையா?

சிசிலி


27 ஒக்ரோபர் 2024

மச்சாள்,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நீங்கள் எல்லோரும் பூசைக்குப் போயிருக்கிற நேரம் அண்ணாவின் கிற்றார்ப் பெட்டிக்குள் வைத்து உங்கள் படியில் வைத்துவிட்டுப் போகிறேன். பெட்டியைக் கண்டதுமே உங்களுக்குப் பாதி விளங்கியிருக்கும்.

வந்தார்.

பகல் ஒன்றரைக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்ற முன்னமே பெட்டியைக் காட்டி, "உன்ரை மச்சாள் என்ரை கிற்றார்ப் பெட்டியைக் அந்தோனியார் கெபியாக்கிப் போட்டாள், மெழுகுதிரி ஒண்டுதான் குறை" என்று சிரித்தார். நான் தேத்தண்ணி போட்டேன். இரண்டு பாட்டு நல்லபடி போனது. ஆற்றுப் பாட்டில் சண்டை வந்தது.

அவருக்கு அந்தத் திரும்பி வருகிற அடி வேண்டும். நான் முடியாது என்றேன். "கோயில் சனத்துக்குச் சீனி தூவுறீங்கள் அண்ணா" என்றேன். அவர், "சனம் பாட்டைக் கேட்டிட்டு வீட்டை போகவேணும். வெறுங்கையோடை அனுப்பேலாது" என்றார். நான் இன்னும் ஏறிப் போனேன். பாட்டைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் என்ற திமிர். "ஆத்துக்குப் பயந்த ஆக்கள் ஆத்துப் பாட்டுப் பாடக்கூடாது" என்று சொன்னேன். அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். "ஐஸுக்கு மேலை நிண்டு பாடுறன். யன்னலைத் திறந்து வைச்சுக் கேள்" என்றார்.

மாசியில் நாங்கள் இருவரும் அந்த ஆற்றின் மேல் நடந்திருக்கிறோம். மீன் பிடிக்கிறவர்கள் குடில் போட்டிருப்பார்கள், அதற்குப் பக்கத்தில் நின்று பாடிப் பார்த்திருக்கிறோம். ஆனால் அது மார்ச் கடைசி. குடில்களை எல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஐஸ் பழுதாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். அங்கே குடியிருக்கிற எனக்கு அது தெரியும், ரொக்ஸ்பரோவில் இருந்து பஸ்ஸில் வருகிற அவருக்குத் தெரியாது. சொல்ல வாய் எடுத்தேன், மச்சாள். கோபத்தில் சொல்லவில்லை. ஐந்து நிமிசம் குளிரில் நின்றுவிட்டு வரட்டும் என்று நினைத்தேன். இதை நான் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை.

யன்னலைத் திறந்தேன். அந்தக் கடைசி அடியைத்தான் முதலில் பாடினார். இரண்டு வரி கேட்டது.

ஓடினேன். கரைக்கு வெகு தூரமில்லை. ஐஸ் உடைந்து, நெஞ்சுவரை தண்ணீருக்குள் அமிழ்ந்து, முழங்கை இரண்டையும் ஐஸில் ஊன்றியிருந்தார். நான் படுத்து ஊர்ந்து போனேன். அவர் பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் கைபிடியைப் பிடித்தேன், அவர் மற்ற முனையைப் பிடித்தார். "இழு" என்றார். இழுத்தேன். என் கண்ணுக்கு நேரே அந்தோனியார் இருந்தார். இழுத்துக்கொண்டே இருந்தேன், திடீரென்று பெட்டி பாரமில்லாமல் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. ஈர உடுப்போடு குசினி நிலத்தில் இருந்தேன், பெட்டி மடியில் இருந்தது. போனை எடுத்து அடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். விரல் மடியவில்லை. ஆறு மணிக்கு நீங்கள் போன் அடித்தீர்கள். "றெபேக்கா, இவர் அங்கை வந்தவரோ?" என்றீர்கள். உங்கள் குரல் சும்மா கேட்கிற குரலாக இருந்தது, பின்னால் மெர்லின் ரீவி பார்த்துக்கொண்டிருந்தாள். "வரேல்லை" என்றேன். அந்த ஒரு சொல்லைத் திருப்பி எடுக்க அன்றைக்கே முடியவில்லை. அடுத்த நாள் பொலிஸுக்கும் அதையே சொன்னேன். பிறகு அவரை ரொறொன்ரோவில் கண்டதாம் என்று நீங்கள் சந்தோசமாகச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நான் என்ன சொல்ல?

அந்த ராகத்தை எடுத்தால் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. மேடையில் நடந்தது அதுதான்.

நீங்கள் சொல்வதைச் செய்கிறேன். என்ன என்றாலும்.

றெபேக்கா


ரொக்ஸ்பரோ
30 ஒக்ரோபர் 2024

றெபேக்கா,

ஞாயிற்றுக்கிழமை பூசையால் வரும்போது மெர்லின்தான் முதலில் கண்டாள். "அம்மா, பப்பா வந்திட்டார்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். படியில் பெட்டி இருந்தது. வீட்டைச் சுற்றி ஓடித் தேடினாள், பக்கத்து வீட்டுக் கராஜ் வரை போய்ப் பார்த்தாள். நான் வாசலில் நின்று உன் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். முடிக்கும்வரை பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தவில்லை. உனக்கு வேறு இடம் கிடைக்கவில்லையா அந்தப் பெட்டியை வைக்க?

படம் அப்படியே இருக்கிறது. ரேப் மட்டும் மஞ்சளாகிவிட்டது.

மெர்லினுக்குச் சொன்னேன். தமிழில் சொன்னேன். மாமாவுக்குச் சொல்லும்போது உன் கோபத்தையும் குடில்களையும் விட்டுவிட்டுச் சொன்னேன். இருக்கிற ஒரு பிள்ளையையும் அவரிடம் இருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை. உனக்காகச் செய்ததென்று நினைக்காதே.

நான் உன்னை மன்னிக்கவில்லை. ஐஸில் படுத்து இழுத்தாயே, அதற்காக உன்னைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருக்கிறது. ஆறு மணிக்கு நான் கேட்டபோது சொன்னாயே, அதற்கு உன்னை அடிக்க வேண்டும் போலவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வருகிறது, அதனால் இப்போதைக்கு என் முகத்தில் முழிக்காதே. திங்கட்கிழமை பொலிஸுக்கு நீயே போய் எனக்கு எழுதின அத்தனையும் சொல். நீ போகாவிட்டால் நான் கடிதத்தோடு போவேன்.

பெயர்த் துண்டை நேற்றுக் கொண்டுபோய்க் கோயில் பெட்டியில் போட்டேன். மாமா பேனையை என்னிடம் நீட்டினார், நான்தான் எழுதினேன். மரிய செபஸ்தியாம்பிள்ளை றெனோல்ட் என்று முழுப் பெயரும் எழுதினேன். எழுதும்போது அழவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டப் போய், மூட்டாமல் நின்றுவிட்டேன். சிவாஜினிக்குப் போன் அடித்தேன். அந்த மனிசி கேள்வி கேட்காமல் இடியப்பம் கொண்டுவந்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பூசை. சுவாமியிடம் கதைத்துவிட்டேன். பெயர்கள் வாசித்து முடிந்ததும் நீ பாட வேண்டும். ஆற்றுப் பாட்டுத்தான், அதே ராகத்தில், அவர் பெயரோடு. அவரைத் தூக்கிக் கொண்டுபோக எங்களிடம் உடல் இல்லை, இந்தப் பாட்டு மட்டும்தான் இருக்கிறது. இந்த முறை நானும் எழுந்து நிற்பேன்.

பாடி முடிந்ததும் பக்கக் கதவால் போய்விடு.

அந்தக் கடைசி அடியைப் பாடாதே. அவர் வருவார் என்று இனி ஒருவரும் எனக்குப் பாடக்கூடாது.

சிசிலி